சக்கரம் சுற்றிய வீடு

நோரீனுக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தாள். நேற்று மாட்டிய லேஸ் திரையைக் கழற்றிவிட்டு, போன வாரம் கழற்றிய திரையை எடுத்து மாட்டினாள். வாசற்படியில் நின்று சாலையைப் பார்த்தாள். ஆலங்கட்டி மழை முகத்தில் அடித்ததும் உள்ளே வந்தாள். கை ஈரம் காய்வதற்குள் மறுபடி வாசலுக்குப் போனாள்.

விடிந்தால் பிப்ரவரி ஒன்று, புனித பிரிஜித் திருநாள். வசந்தம் பிறக்கிற நாள். ஆலங்கட்டி பெய்வதையெல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது. கடலோர டெரிலே கிராமத்தில் வசந்தம் காலண்டரைப் பார்த்துத்தான் வரும், வானத்தைப் பார்த்து வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

"அந்தத் திரைக்கு வாய் இருந்தா அழுதிருக்கும்" என்றான் யூஜின். அவள் புருஷன். கணப்பு பக்கத்தில் உட்கார்ந்து குதிரையின் கடிவாளத்துக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தான். "சும்மா உக்காரு நோரீன். வரப்போறவன் திரையப் பாத்தா வரப்போறான்?"

"வருவாங்கன்னு சொல்றியா அப்போ?"

"நான் எங்க சொன்னேன்?"

"வரப்போறவன்னு சொன்னியே."

யூஜின் ஊசியை நிறுத்தி அவளைப் பார்த்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் பிடிவாதத்துக்கு ஒரு பரிசு வைத்தால் கெர்ரி மாவட்டம் முழுக்கத் தேடினாலும் இவனைத் தோற்கடிக்க ஆள் கிடைக்காது. அந்தப் பிடிவாதத்தில்தான் ஐந்து வருஷத்துக்கு முன்னால் எல்லாம் ஆரம்பித்தது.

பிரிஜித் திருநாளன்று டெரிலேயில் எந்தச் சக்கரமும் சுற்றக் கூடாது. வண்டி கூடாது, ராட்டை கூடாது, சைக்கிள் கூடாது. தபால்காரர் அன்றைக்கு சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் ஊருக்குள் வருவார், தள்ளிக்கொண்டு வந்தால்கூட சக்கரம் சுற்றுமே என்று. அப்படிப்பட்ட நாளில், வருஷத்திலேயே பெரிய கடல் ஓதம் வந்து கரை முழுக்கக் கடற்பாசியைக் குவித்துவிட்டுப் போனது. வயலுக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது. மறுநாள் ஓதம் வந்தால் அத்தனையையும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடும். ஊரே கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. யூஜின் குதிரையைப் பூட்டினான். மூன்று வண்டி பாசி ஏற்றினான். ஊர் நடுவே, எல்லா வீட்டு ஜன்னலும் பார்க்க, மூன்று நடை போய் வந்தான். போதாததற்கு விசிலடித்துக்கொண்டு.

மார்ச்சில் ஃப்ளாரி ஓஷேயின் மாடுகள் ஐந்துக்கு வரிசையாகச் சினை கலைந்தது. அப்புறம் மேட்ஜ் வீட்டில் இரண்டு. மாதம் முடிவதற்குள் ஊரில் பதினோரு கன்று போய்விட்டது. மாட்டு டாக்டர் வந்து பார்த்து, இது தொற்று, சந்தையில் வாங்கி வந்த மாட்டால் வந்தது என்றார். சந்தையில் மாடு வாங்கியவன் ஃப்ளாரி, நவம்பரில், ஒரு சிவப்பு மாடு. அந்த ஃப்ளாரி சாலையைக் கை காட்டினான். சேற்றில் யூஜினுடைய வண்டித் தடம் இன்னும் காயாமல் கிடந்தது. டாக்டரை நம்புவதைவிட தடத்தை நம்புவது ஊருக்குச் சுலபமாக இருந்தது. யூஜினுடைய ஆறு மாடும் ஆறு கன்று போட்டன. ஒன்றாவது கலைந்திருந்தால் மன்னித்திருப்பார்கள்.

அதிலிருந்து பொம்மைக் கூட்டம் அவர்கள் வீட்டுக்குள் வருவதில்லை. ஒவ்வொரு வருஷமும் திருநாளுக்கு முந்தின நாள், பொழுது சாய்கிற நேரத்தில், வைக்கோல் முகமூடித் தொப்பி போட்ட ஒன்பது பேர் பிரிஜித் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். பொம்மை நுழைந்த வீட்டுக்கு அந்த வருஷம் நல்லது. நுழையாத வீட்டுக்கு என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர்கள் வீட்டுச் சந்து வந்ததும் கூட்டத்துக்கு வாசிக்கிற ஜெரி தன் அக்கார்டியன் பெட்டியை மூடிவிடுவான். சந்தைத் தாண்டியதும் மறுபடி வாசிப்பான். நடுவில் கிடக்கிற அந்த அமைதியை நோரீன் நாலு வருஷமாகக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். யாராவது கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இந்த வருஷம் விஷயம் முற்றிவிட்டது. கடல் கடந்து போன யூஜினுடைய அண்ணன் கவன்ட்ரி நகரத்திலிருந்து கடிதம் போட்டிருந்தான். கார் தொழிற்சாலையில் வேலை இருக்கிறது, வீடும் பார்த்துத் தருகிறேன் என்று.

"அங்க ஞாயித்துக்கிழமைகூட சக்கரம் சுத்துமாம்" என்றான் யூஜின். "சுத்தினா சம்பளம் தர்றாங்களாம். இங்க மாதிரி இல்ல."

நோரீன் அழுதாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். அவள் வலன்ஷியா தீவிலிருந்து கல்யாணமாகி வந்தவள். இந்த ஈர மண்ணைக் கட்டிக்கொண்டு அழ அவளுக்கு ஒரு காரணமும் இல்லை என்று யூஜின் நினைத்தான். ஆனால் அவளுக்கு இந்த இடம் பிடித்திருந்தது. மலை பிடித்திருந்தது, மாடுகள் பிடித்திருந்தன, பேசாமல் போகிற இந்த ஊர்க்காரர்களைக்கூடப் பிடித்திருந்தது. அதற்கு என்ன செய்வது? கடைசியில் யூஜின்தான் இறங்கி வந்தான்.

"சரி. இந்த வருஷம் பொம்மை நம்ம வீட்டுக்கு வந்தா இருக்கலாம். வரலைன்னா மார்ச்சுல வித்துட்டுப் போறோம். ஆனா ஒண்ணு. அவங்களா வரணும். நீ போய் யார் கால்லயும் விழக் கூடாது."

"விழ மாட்டேன்" என்றாள். அன்றிலிருந்துதான் அவளுக்கு இருப்புக்கொள்ளாமல் போனது.

மூன்று மணிக்கு அவளால் முடியவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டாள்.

"மேட்ஜ் வீட்டுக்குப் போறேன். டெனிஸுக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சாம்."

"போ, போ. ஜெரி பொட்டிய மூடுறதக் கேக்க உனக்குத் தெம்பு இல்ல. எனக்குத் தெரியாதா?" என்றான் யூஜின், தலையைத் தூக்காமலே.

ஊரில் அவளோடு பேசுகிற ஒரே ஆள் மேட்ஜ்தான். அதுவும் கிணற்றடியில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது. மேட்ஜின் புருஷன் டெனிஸ்தான் வருஷா வருஷம் பொம்மையைத் தூக்குகிறவன். பொம்மை அவர்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கும். நோரீன் போனபோது டெனிஸ் கட்டிலில் குப்புறப் படுத்து முனகிக்கொண்டிருந்தான். மேஜைமேல் பொம்மை கிடந்தது. வெண்ணெய் கடைகிற மத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு டர்னிப் கிழங்கு வைத்து, கழுத்தில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். அழகு என்று சொல்ல முடியாது.

"வராங்களா மேட்ஜ்?" என்றாள் நோரீன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

மேட்ஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஃப்ளாரி காலைல வந்தான். 'அந்த வீடு இல்ல'ன்னுட்டான். கூட்டத்துக்கு அவன்தானே கேப்டன். கேளு பொண்ணே, நான் சொல்லிப் பாத்தேன். டெனிஸும் சொன்னாரு."

"நான் ஒண்ணும் சொல்லல" என்றது கட்டில்.

"பாத்தியா. ஆம்பளைன்னு ஒண்ண வச்சிருக்கேன்."

நோரீன் மேஜை ஓரத்தில் நின்று பொம்மையின் ரிப்பனை நிமிண்டிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு யார் தூக்கறது? டெனிஸாலதான் எந்திரிக்க முடியலயே."

"அதான் தெரியல. இனிமேதான் ஃப்ளாரிக்கு ஆள் சொல்லி அனுப்பணும்."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நோரீன் டெனிஸின் உயரம். கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு 'ஏணி' என்று பட்டப்பெயர் வைத்ததே டெனிஸ்தான். முகமூடி போட்டவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது வழக்கம். பொம்மைக்கு முன்னால் யாரும் நடக்கக் கூடாது என்பதும் வழக்கம். பொம்மை எந்தப் பக்கம் திரும்புகிறதோ, கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியாக வேண்டும்.

"வேணாம்டி" என்றாள் மேட்ஜ். சொல்லிக்கொண்டே டெனிஸின் பூட்ஸைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள்.

"அது என்னோட பூட்ஸு" என்றது கட்டில்.

"நீ எதையும் பாக்கல. உனக்கு இடுப்பு வலி."

"நான் எதையும் பாக்கல" என்று டெனிஸ் ஒப்புக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான்.

பூட்ஸுக்குள் காகிதம் திணித்தார்கள். டெனிஸின் வெள்ளைச் சட்டையை அவள் கோட்டுக்கு மேல் மாட்டினார்கள். வைக்கோல் தொப்பி தோள்வரைக்கும் இறங்கியது. உள்ளே பழைய தானிய வாசம், மூச்சு முட்டியது. பின்னலின் இடுக்கு வழியாக உலகம் கோடு கோடாகத் தெரிந்தது.

"கொஞ்சம் ஆடி ஆடி நட" என்றாள் மேட்ஜ். "அவரு வாத்து மாதிரிதான் நடப்பாரு."

முற்றத்தில் எட்டு வைக்கோல் தலைகள் காத்திருந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை. கூட்டத்தில் கேப்டன் மட்டும்தான் பேசலாம். ஃப்ளாரி, "டெனிஸ், இடுப்பு எப்படி?" என்றான். நோரீன் தொப்பியை ஆட்டினாள். "அப்போ நட" என்றான்.

முதல் வீடு, இரண்டாவது வீடு. வாசலில் ஃப்ளாரி தடியால் தட்டி, "பிரிஜித் வந்திருக்கா, உள்ள வரலாமா?" என்பான். உள்ளேயிருந்து, "வரட்டும், நல்லா வரட்டும்" என்று குரல் வரும். அக்கார்டியன் வீட்டை நிறைக்கும். மற்றவர்கள் ஆடுவார்கள். அவள் நடுவில் பொம்மையைத் தூக்கிப் பிடித்து நிற்பாள். அப்புறம் வீட்டுக்காரர்கள் முகமூடிக்குப் பின்னால் யார் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். நடையைப் பார்த்து, பூட்ஸைப் பார்த்து, சிரிப்பை அடக்குகிற விதத்தைப் பார்த்து. அவளிடம் வரும்போது யாரும் யோசிக்கவே இல்லை. "இந்தத் தொப்பிய அடுப்புல போட்டாலும் டெனிஸுன்னு தெரியும்" என்றார்கள். நாலு வருஷத்துக்கு அப்புறம் அடுத்தவர் வீட்டுக்குள் நிற்கிறாள். அழவும் முடியாது, தொப்பிக்குள் கையை விட்டுத் துடைக்கவும் முடியாது.

மூன்றாவது வீடு லிசி பிரீனுடையது. லிசிக்கு நாக்கு நீளம். பொம்மையின் கழுத்தில் ரிப்பன் கட்ட வந்தவள், நோரீனின் காதருகே எக்கினாள்.

"அந்த நோரீன் என்ன பண்றா டெனிஸ்? காலைலருந்து நாலு தரம் திரைய மாத்திட்டா, இங்கருந்தே தெரியுது. பைத்தியம் புடிச்சிடும்போல. யார் வரப்போறாங்கன்னு மாத்தறா, பாவம்."

அந்தப் 'பாவ'த்தில் பாவமும் இருந்தது, கொஞ்சம் ருசியும் இருந்தது. நோரீனுக்கு ஒரு கணம் பொம்மையின் டர்னிப் தலையாலேயே லிசியை ஒரு போடு போட வேண்டும்போல இருந்தது. மெதுவாகத் தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள்?

ஐந்தாவது வீட்டிலிருந்து வெளியே வந்தபோது வெளிச்சம் சாம்பலாகிவிட்டிருந்தது. மலைமேல் மட்டும் ஒரு மஞ்சள் கீற்று. அடுத்தது அவளுடைய சந்து. சந்துக்கு இருபது அடி இருக்கும்போதே ஜெரி அக்கார்டியனை மூடினான். அவ்வளவு பழகிப்போயிருந்தது அவனுக்கு. காகிதம் திணித்த பூட்ஸ் ஒன்று நேராகப் போகப் பார்த்தது. அவள் அதைச் சந்துக்குள் திருப்பினாள்.

பின்னால் காலடி எதுவும் கேட்கவில்லை. பத்து அடி நடந்தாள். பதினைந்து. திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். திரும்பாமல் நடந்தாள். அப்புறம் ஒரே ஒரு ஜோடி பூட்ஸ் சேற்றில் ஓடி வந்தது, ஒரு கை அவள் முழங்கையைப் பிடித்தது.

"எங்கய்யா போற? குடிச்சிருக்கியா? இந்த வீடு இல்லன்னு காலைல சொன்னேன்ல" என்றான் ஃப்ளாரி.

அவள் கையை உதறிக்கொண்டு நடந்தாள்.

"டெனிஸ். ஏய். உன்னத்தான்." இரண்டு எட்டு அவளோடு வந்தான், அப்புறம் நின்றான். அவளைத் தாண்டி முன்னால் போய் மறிக்க அவனால் முடியாது. பொம்மைக்கு முன்னால் கேப்டனும் போகக் கூடாது. பொம்மையைத் தனியாக விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். பின்னால் பார்த்துக் கையை வீசினான். ஒவ்வொருவராக வந்தார்கள், வாசிப்பு இல்லாமல், சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் மாதிரி.

கதவு தாழ் போடாமல் இருந்தது. அவள் தோளால் தள்ளினாள்.

யூஜின் கணப்பு முன்னால் எழுந்து நின்றான். கையில் கடிவாளம் தொங்கியது. ஃப்ளாரி தடியால் தட்டவில்லை, உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை. ஒன்பது பேர் சமையலறையில் வந்து நின்றார்கள், அவ்வளவுதான். தரையில் சேறு சொட்டியது.

"வரட்டும்" என்றான் யூஜின், யாரும் கேட்காமலே. கடிவாளத்தைக் கை மாற்றிக்கொண்டு, "நல்லா வரட்டும்" என்றான்.

யாரும் அசையவில்லை. மேஜையில் நோரீன் காலையில் சுட்ட திராட்சை ரொட்டி இருந்தது. வருஷா வருஷம் யாருக்காகச் சுட்டாளோ, அவர்கள் அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யூஜின் கடிவாளத்தை நாற்காலியில் போட்டுவிட்டு, கையைத் தேய்த்துக்கொண்டு முன்னால் வந்தான். ஒரு காலத்தில் ஊரிலேயே முகமூடி கண்டுபிடிக்கிறதில் அவன்தான் சூரன். ஒருவனுடைய முழங்காலைப் பார்த்தே அவன் மாமன் பெயரைச் சொல்லிவிடுவான்.

"இது டிம்மி ஃபோலி" என்றான் முதல் ஆளைப் பார்த்து.

வைக்கோல் தலை இடமும் வலமும் ஆடியது. இல்லை.

"அப்போ நீ டிம்மி" என்றான் அடுத்தவனிடம். அதுவும் இல்லை. "நீ மைக் பிரீன். இல்லையா? மைக் கொஞ்சம் குள்ளம், அதானே. வளந்துட்டானா?" சிரிக்கப் பார்த்தான். நாலாவது ஆள், ஐந்தாவது ஆள். அக்கார்டியன் வைத்திருந்தவனை மட்டும் ஜெரி என்றான். அதைக் குழந்தைகூடச் சொல்லும். மற்றவர்களிடமெல்லாம் தலை ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு பூட்ஸும் அவனுக்குத் தெரிந்த பூட்ஸ் இல்லை. நாலு வருஷத்தில் பூட்ஸ் தேய்ந்திருக்கும், தோள் அகன்றிருக்கும், அப்பனுக்குப் பதிலாக மகன் வந்திருப்பான். வழியில் எதிரே வரும்போது இவனும் முகத்தைத் திருப்பினான், அவர்களும் திருப்பினார்கள். எப்படித் தெரியும்?

யூஜின் கையைத் தொங்கவிட்டான். "எனக்குத் தெரியல" என்றான். "உங்கள்ல யாரையும் எனக்கு அடையாளம் தெரியலப்பா."

கர்வம் பிடித்த மனுஷன் அப்படிச் சொல்வதைக் கேட்க நோரீனுக்குத் தாங்கவில்லை. பொம்மையின் குச்சியை இறுக்கிப் பிடித்தாள்.

அவன் அவளிடம் வந்தான். "டெனிஸ், உன் தொப்பிய மட்டும் தெரியுது. நோரீன் உங்க வீட்லதான் இருக்கா. வழில பாத்தா சொல்லு, நீங்க வந்தீங்கன்னு. அவ பாக்காம போயிட்டா பாரு, நாலு வருஷம் காத்திருந்துட்டு, இன்னிக்குப் போய்." கொஞ்ச நேரம் நிறுத்தினான். அப்புறம் குனிந்து, வைக்கோல் இடுக்கில் கண்ணைத் தேடி, மெதுவாகக் கேட்டான். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீங்களாதானே வந்தீங்க? யாரும் கூப்பிடலயே?"

ஒரு தலையசைப்பு போதும். மேலும் கீழும் ஒரு தடவை ஆட்டினால் போதும். வீடு தங்கும், மாடு தங்கும், கவன்ட்ரி கடலுக்கு அந்தப் பக்கமே கிடக்கும். ஃப்ளாரி மறுத்துப் பேச மாட்டான், அவமானம் அவனுக்குத்தான். நோரீன் தலையை ஆட்டப் பார்த்தாள். கழுத்து வரவில்லை. பதினோரு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட ஆளிடம், கையில் பிரிஜித்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

ஒரு கையால் தொப்பியைக் கழற்றினாள். முடியெல்லாம் வைக்கோல்.

"நான்தான்" என்றாள். "அவங்களா வரல. நான்தான் திரும்பினேன். அவங்களுக்கு வேற வழி இல்ல."

அறையில் ஒருத்தன் மூச்சை இழுத்தது கேட்டது. யூஜின் அவளைப் பார்த்தான், கோபம் இல்லை, அதற்கும் தெம்பு இல்லாதவன் மாதிரி. "அப்போ யாரும் வரல" என்றான். போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். "பொம்மைய எடுத்துட்டுப் போங்கப்பா. தப்பா எடுத்துக்க மாட்டேன்."

ஃப்ளாரி பொம்மைக்குக் கை நீட்டினான். நோரீன் கொடுத்துவிட்டாள். வேறு என்ன இருக்கிறது பிடித்து வைக்க? வெட்கத்தில் காது எரிந்தது. யார் காலிலும் விழவில்லை என்பது மட்டும்தான் மிச்சம். விழுந்திருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது என்று தோன்றியது.

அப்போது முதலில் நின்றவன், யூஜின் டிம்மி என்று தப்பாகச் சொன்னவன், தொப்பியைக் கழற்றினான். இருபது வயது, மேலுதட்டில் அரும்பு மீசை.

"நான் மைக் பிரீன்" என்றான். "வளந்துட்டேன். நீங்க சொன்னது சரிதான், ஆள்தான் மாறிடுச்சு."

யூஜின் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "லிசிக்கு இவ்ளோ உயரமா ஒரு பையனா?"

"டிம்மி நான்" என்றான் இன்னொருவன், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "இப்ப தாடி வச்சிருக்கேன்." அடுத்தவனும் கழற்றினான். அதற்கடுத்தவனும். ஊருக்குப் புதிதாக வந்தவனிடம் சொல்வது மாதிரி ஒவ்வொருவனாகத் தன் பெயரைச் சொன்னார்கள். ஜெரிகூட, "நான் ஜெரி, தெரியும்தானே" என்றான். மேஜைமேல் வைக்கோல் தொப்பிகள் சேர்ந்தன. ஏழு முகம் வெளியே வந்துவிட்டது.

ஒன்று மட்டும் வரவில்லை. கையில் பொம்மையோடு, தொப்பியோடு, கதவருகே நின்றான் ஃப்ளாரி.

"உன்னை மட்டும் நீ உள்ள வந்தப்பவே தெரியும்" என்றான் யூஜின்.

கணப்பில் ஒரு கரி சரிந்தது. அப்புறம் வைக்கோலுக்குள்ளிருந்து குரல் வந்தது. அமுங்கின குரல், ஃப்ளாரியுடையது என்றே சொல்ல முடியாது.

"அந்தச் சிவப்பு மாட்ட நான் வாங்கியிருக்கக் கூடாது."

பொம்மையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

"டாக்டர் அன்னிக்கே சொன்னாரு. என்கிட்டதான் சொன்னாரு. மேட்ஜோட மாடு, இவங்க மாடு எல்லாத்துக்கும் நோய் என் தொழுவத்துலருந்துதான் போனது. பதினோரு கன்னு யூஜின். அத என் தலைல நானே எப்படித் தூக்கி வச்சிக்கறது? நீ வண்டி ஓட்டிட்டுப் போனது எனக்கு" — வார்த்தை தேடினான் — "சௌகரியமா இருந்துச்சு."

முகம் தெரிந்திருந்தால் அவன் அதைச் சொல்லியிருக்க மாட்டான். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அதனால் யாரும் அவன் பக்கம் பார்க்கவில்லை. மைக் பிரீன் கணப்பைப் பார்த்தான், ஜெரி அக்கார்டியனின் வாரைப் பார்த்தான்.

யூஜின் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "உன் மாடுங்க போனப்ப நான் வந்து பாக்கல" என்றான் கடைசியில். "ஒரு வார்த்தை கேக்கல. என் மாடு நல்லா இருக்குன்னு விசிலடிச்சிட்டுத் திரிஞ்சேன். அதுவும் எனக்குத் தெரியும்."

நோரீன் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். ரொட்டியை அறுத்தாள். துண்டுகள் கோணல் மாணலாக விழுந்தன. முதல் துண்டை எடுத்தவன் டிம்மி. அப்புறம் எல்லாக் கையும் நீண்டது. ஆம்பளைகள் சாப்பிட ஆரம்பித்தால் பேச்சும் வரும். யாருடைய மாடு எப்போது ஈனும், கரையில் இந்த முறை பாசி எவ்வளவு ஒதுங்கும் என்றெல்லாம், ஒன்றுமே நடக்காத மாதிரி பேசினார்கள்.

டீயை ஊற்றி அவள் ஃப்ளாரிக்கும் ஒரு கப் கொண்டுபோய் நீட்டினாள். "தொப்பிக்குள்ள ஊத்தவா?" என்றாள்.

அவன் பொம்மையைச் சுவரில் சாய்த்தான். தொப்பியைக் கழற்றினான். முகம் சிவந்து வீங்கியிருந்தது, நெற்றியில் வைக்கோல் தடம். கப்பை வாங்கிக்கொண்டான். யாரையும் பார்க்காமல், "கவன்ட்ரி போறீங்களாமே" என்றான்.

நோரீன் புருஷனைப் பார்த்தாள். இதுதான் அவளுக்கு வேண்டிய கேள்வி. கேட்டதோ ஃப்ளாரி.

"பந்தயம் வச்சிருந்தோம்" என்றான் யூஜின். "நான் தோத்துட்டேன்."

"நீ எங்க தோத்த? நான்தானே இழுத்துட்டு வந்தேன்" என்றாள் நோரீன். நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பொய்யே வரவில்லை.

"வாசல் வரைக்கும் நீ இழுத்துட்டு வந்த" என்றான் யூஜின். "தொப்பிய அவங்கதான் கழட்டினாங்க. அண்ணனுக்கு வரலன்னு எழுதணும்."

அவள் கெட்டிலை எடுத்துக்கொண்டு, இன்னும் யாருக்கு டீ வேண்டும் என்று கேட்டாள். கேட்ட குரல் அவளுடையது மாதிரியே இல்லை.